கணக்குக் கேளாமல் கணக்கை மூடலாமா?



வியாபாரம் செய்கிறவனுக்குக் கணக்கு என்ற சொல்லின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருடைய பற்றுவரவை முடித்து ஏட்டை மூடுவதென்றால், அவரை எதிரே உட்காரவைத்து, வரி வரியாகப் படித்துக் காட்டி, "இது சரிதானா?" என்று கேட்டு, அவர் சரியென்ற பிறகே கீழே கோடு போடுவது நம் முன்னோர் கண்ட முறை. கடனாளியே ஆனாலும், வாக்குத் தவறியவரே ஆனாலும், அவர் பக்கத்துக் கணக்கைக் கேளாமல் ஏட்டை மூடியவரை ஊரார் நாணயஸ்தர் என்று சொன்னதில்லை.

இன்றோ நம் கண்ணெதிரே எத்தனையோ மனிதருடைய கணக்கு, அவர்களிடம் ஒரு வார்த்தை கேளாமலே மூடப்படுகிறது. கைத்தொலைபேசியில் அழைத்தால் வாசலில் வந்து நிற்கிற இ-ஹெயிலிங் வண்டிகளை ஓட்டும் சகோதரர்களைச் சொல்கிறேன். அவர்களில் நம் ஜமாஅத்தாரும் உண்டு; மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் உண்டு. கடையை மூடிவிட்டு நஷ்டத்தைச் சுமந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களும் உண்டு. இவர்களுடைய பெயரும் பிழைப்பும் கம்பெனியின் செயலியில் ஒரு கணக்காக இருக்கின்றன. அக் கணக்கை முடக்கிவிட்டால் வண்டி இருந்தும் ஓட்டம் இல்லை, கை இருந்தும் கூலி இல்லை.

2012-இல் இந்நாட்டில் "மைதெக்ஸி" என்ற பெயரில் தொடங்கிய முயற்சியே பின்னர் கிரேப் என்ற பெருங் கம்பெனியாக வளர்ந்தது. 2018-இல் ஊபர் கம்பெனியின் தென்கிழக்காசிய வியாபாரத்தையும் அதுவே எடுத்துக்கொண்டது. வேறு சில கம்பெனிகளும் இருக்கின்றன என்றாலும், பெரிய வாசல் ஒன்றுதான். ஊரில் பத்து மண்டி இருந்தால் ஒரு மண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அடுத்த மண்டிக்குப் போகலாம். பெரிய மண்டி ஒன்றே என்றால், அதன் வாசலில் நிற்கும் காவற்காரனின் சொல்லே காஜியாரின் தீர்ப்பாகிவிடுகிறது!

இத் தொழிலில் முதல் போடாமல் இறங்குகிறவர் எவருமில்லை. 2019 முதல் பி.எஸ்.வி. உரிமம் இல்லாமல் இவ் வண்டியை ஓட்ட முடியாது. பயிற்சி, பரீட்சை, காப்புறுதி, வண்டிச் சோதனை என்று செலவு வரிசையாக நிற்கும். வண்டியோ பெரும்பாலும் வங்கிக் கடன். இவ்வளவையும் செய்துவிட்டு ஒருநாள் சுபுஹு தொழுது வந்து செயலியைத் திறந்தால், கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றொரு வாசகம். எந்த நாள், எந்தப் பயணம், என்ன குற்றம் என்ற விவரமில்லை. எழுதிக் கேட்டால் அச்சுவார்த்தாற்போல் ஒரே பதில் மறுபடி மறுபடி வருகிறது. பதில் எழுதுவது மனிதனா இயந்திரமா என்பதும் விளங்குவதில்லை. கணக்கு நின்றுபோயிற்று, வண்டியின் மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை.

கம்பெனியாருக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. இரவு பத்து மணிக்கு நம் பெண்மக்கள் தனியே அவ் வண்டியில் ஏறுகிறார்கள். தகாத முறையில் நடந்தவன் மேல் புகார் வந்தால், விசாரணை முடியும்வரை அவனை ஓட்டவிடு என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல மாட்டீர்கள். தன் கணக்கை வேறொருவனுக்கு வாடகைக்கு விடுகிறவர்களும், இல்லாத பயணத்தை உண்டென்று காட்டிப் பணம் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பது கம்பெனியின் கடமையே. தடுக்கலாமா கூடாதா என்பதல்ல இங்கே கேள்வி. எப்படித் தடுப்பது என்பதே கேள்வி. அதற்கு நம் மார்க்கத்தில் வழியில்லாமலா போயிற்று?

நபி ஸுலைமான் (அலை) அவர்களுடைய வரலாற்றை நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும். மனிதர், ஜின்கள், பறவைகள் எல்லாம் அவர்களுடைய படையில் இருந்தன. ஒருநாள் பறவைகளை அணிவகுப்பில் பார்வையிட்டபோது ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்திக் குருவியைக் காணவில்லை. உத்தரவின்றி வேலைக்கு வராத சிப்பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்னமல் அத்தியாயத்தில் அல்லாஹுத் தஆலா இதைச் சொல்லிக் காட்டுகிற விதத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அம் மாமன்னர் முதலிற் குறை கண்டது குருவியிடத்திலன்று. தம் கண்ணுக்குத்தான் அது தென்படவில்லையோ என்று தம்மையே முதலிற் கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகே அது வராமலிருக்கிறதோ என்ற எண்ணம் எழுந்தது. காற்றையும் ஜின்களையும் வசப்படுத்தப்பெற்ற ஒருவர் தம் பார்வையைச் சந்தேகித்துவிட்டு அடுத்தவரைச் சந்தேகிக்கிறார்! இன்றைய செயலி ஓட்டுநரின் முகத்தைப் படம் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. தாடி வளர்த்திருந்தாலும், விளக்கு மங்கியிருந்தாலும், இவர் அவரல்லர் என்று அது சொல்லிவிடக் கூடும். என் கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறதோ என்று கேட்டுக்கொள்ள இயந்திரத்துக்குத் தெரியாது. அதை வைத்திருக்கும் மனிதர்தாம் அக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

கடுமையான தண்டனை கொடுப்பேன் என்று ஸுலைமான் நபி எச்சரித்தது உண்மை. படைக்கு ஒழுங்கு வேண்டாமா? ஆனால் அந்த எச்சரிக்கையிலேயே ஒரு வாசலும் திறந்து வைத்திருந்தார்கள்: தக்க காரணத்தை அது தெளிவாகக் கொண்டுவந்தால் தண்டனை இல்லை. குருவி வந்து வாய் திறக்குமுன்பே, கோபத்தின் உச்சியிலேயே, அந்த வாசல் திறந்திருந்தது.

பிறகு அக் குருவி வந்தது. வந்து நின்று, தங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், ஸபா நாட்டிலிருந்து உறுதியான செய்தியோடு வந்திருக்கிறேன் என்ற கருத்தில் பேசிற்று. மன்னர் முன் ஒரு குருவி பேசுகிற பேச்சா இது? நம் கடைப் பையன் ஒருவன், முதலாளி, உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று சொன்னால் நம்மில் எத்தனை பேர் பொறுத்திருப்போம்? ஸுலைமான் நபி அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் வார்த்தையை அப்படியே நம்பிவிடவும் இல்லை. நீ சொல்வது மெய்யா பொய்யா என்று பார்ப்போம் என்று கூறி, அதன் கையிலேயே கடிதத்தைக் கொடுத்து அனுப்பி உண்மையைச் சோதித்தார்கள். சோதிக்கிற காலத்தில் அதன் வேலையையும் பறிக்கவில்லை; வேலையைக் கொண்டே சோதித்தார்கள். ஒரு கொண்டலாத்திக்குக் கிடைத்த இந்த விசாரணை, பெண்டு பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றுகிற ஓர் ஆதமுடைய மகனுக்குக் கிடைக்கக் கூடாதா?

நாயகம் (ஸல்) அவர்கள் ஹஸரத் அலீ (ரலி) அவர்களை எமன் நாட்டுக்குக் காஜியாக அனுப்பியபோது சொல்லிக் கொடுத்த பாடமும் இதுவே. வழக்காளி இருவர் வந்து அமர்ந்தால், முதல்வர் சொன்னதைக் கேட்டவுடனே தீர்ப்புச் சொல்லாமல், மற்றவர் சொல்வதையும் அதுபோலவே கேட்க வேண்டும். கேட்டால் தீர்ப்பு தானே விளங்கும் என்பது அதன் கருத்து. அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீது நூல்களில் இதைக் காணலாம்.

சரி, புகார் பாரதூரமாக இருந்தால் விசாரணை முடியும்வரை என்ன செய்வது? அதற்கும் சுன்னத்தில் முன்மாதிரி இருக்கிறது. குற்றச்சாட்டுக்கு ஆளான ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து வைத்து, பின்னர் விட்டுவிட்டார்கள் என்று அதே நூல்களில் வந்திருக்கிறது. தடுத்து வைத்தல் கூடும், அது தற்காலிகமானது, அதற்கொரு முடிவு உண்டு. தற்காலிகம் என்று சொல்லி ஒரு மனிதனை மாதக் கணக்கில் தொங்கவிடுவது தடுத்து வைத்தலாகாது, தண்டனையாகவே ஆகிவிடும்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த நியாயத்தை அறியாததன்று. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 14-ஆம் பிரிவு, நம்மில் சிப்பந்தி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. தவறு செய்தான் என்று ஒரு தொழிலாளியை நீக்குவதானால் முறையான விசாரணை நடத்த வேண்டும். விசாரணைக்காக அவனை நிறுத்திவைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேற்படக் கூடாது; அந்நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் பிடித்துவைத்த மீதியையும் உடனே கொடுத்துவிட வேண்டும். எழுபது வருஷத்துக்கு முந்திய சட்டம் இது!

ஆனால் வண்டி ஓட்டும் சகோதரருக்கு அச் சட்டம் கைகொடுக்கவில்லை. அவர் கம்பெனியின் ஆள் அல்லர், கம்பெனியோடு தொழில் செய்யும் பங்காளி என்பது கம்பெனியின் வாதம். தம்மை நீக்கியது முறையன்று என்று கிரேப் ஓட்டுநர் ஒருவர் நியாயம் கேட்கப் போக, 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின்படி அவர் தொழிலாளி அல்லர் என்று 2022-இல் உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. பங்காளி என்றால் கூட்டு வியாபாரம் என்றுதானே அர்த்தம்? கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளியைக் கணக்குக் கேளாமல் வெளியே தள்ள முடியுமா? முதலாளியின் அதிகாரமும் வேண்டும், பங்காளியின் பொறுப்பின்மையும் வேண்டும் என்றால், அது வாங்குவதற்கு ஒரு படியும் கொடுப்பதற்கு ஒரு படியும் வைத்துக்கொள்வதாகும். அளவையில் மோசம் செய்கிறவர்களைக் கண்டித்துத் திருமறையில் ஓர் அத்தியாயமே தொடங்குகிறது. அது அரிசி, பருப்புக்கு மட்டும் இறங்கியதென்று எவரும் எண்ண வேண்டாம்.

வெளியூரிலும் இவ் வழக்கு நடந்திருக்கிறது. ஊபர் கம்பெனியின் ஐரோப்பியத் தலைமையகம் ஆம்ஸ்டர்டாம் நகரில் இருப்பதால், பிரிட்டனிலும் போர்ச்சுகலிலும் வண்டி ஓட்டியவர்கள் அங்கே போய் வழக்காடினார்கள். மோசடி செய்தார்கள் என்று கூறி அவர்களை நீக்கிய முடிவில் மனிதருடைய பங்கு பெயரளவுக்கே இருந்தது என்று 2023 ஏப்ரலில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. இயந்திரம் தீர்ப்பு எழுதியது. மனிதன் கையெழுத்துப் போட்டான், அவ்வளவுதான். வாசித்துப் பாராமல் கையெழுத்துப் போடுகிற காஜியை நாம் என்னவென்று சொல்வோம்?

நம் நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் மக்களவையும் அடுத்த மாதம் மேலவையும் கிக் தொழிலாளர் சட்ட மசோதாவை ஏற்றன. தக்க காரணமின்றி இத்தகையவர்களுடைய கணக்கை முடக்கக் கூடாது. கம்பெனிக்குள்ளேயே முறையீட்டைக் கேட்க ஏற்பாடு இருக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் போய் நிற்கத் தனியாக ஒரு தீர்ப்பாயம் வேண்டும் என்பன அதன் முக்கியமான அம்சங்கள். சட்டம் நல்லது, வரவேற்கிறோம். ஆயினும் எந்தச் சட்டமும் ஏட்டுச் சுரைக்காயாக இருந்தால் கறிக்கு உதவாது. குற்றச்சாட்டு இன்னதென்று நாளும் பயணமும் குறித்து எழுத்தில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும். பதிலை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும். புகார் சொன்ன பெண்ணுடைய பெயரை மறைத்துக் காப்பது நியாயமே. ஆனால் பெயரை மறைப்பதாகச் சொல்லிக் குற்றத்தையே மறைத்துவிட்டால், எதற்குப் பதில் சொல்வது?

நிற்க. இதுவரை கம்பெனிக்காரரைப் பேசினோம். கம்பெனிக்காரர் இந்தப் பள்ளிவாசலில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே அது எளிது. உட்கார்ந்திருப்பவர்கள் நாம். இனி நம்மைப் பேசுவோம்.

கம்பெனியின் இயந்திரத்துக்கு அந்த ஓட்டுநரைத் தெரியாது. அவரைப் பற்றி அதனிடம் சொல்லிக் கொடுப்பது யார்? பின்னாசனத்தில் உட்கார்ந்து போகிற நாம் அல்லவா! இறங்கியவுடன் விரலால் ஒரு நட்சத்திரமோ ஐந்து நட்சத்திரமோ தட்டுகிறோமே, அது என்ன? ஷரீஅத்தின் முழு நிபந்தனையும் கூடிய சாட்சியம் அது அன்று என்று ஆலிம்கள் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாட்சியம் செய்கிற வேலையை அது செய்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறினால் சத்தியம் வாங்குவார்கள், குறுக்கு விசாரணை செய்வார்கள் என்ற அச்சமாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை. யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தே சொல்லுகிற சாட்சியம் இது!

சவுக்கட்டில் துணி வாங்கிக்கொண்டு ஐந்து மூட்டையோடு நிற்கிறோம். வண்டியில் மூன்றுதான் ஏறும் என்கிறார் ஓட்டுநர். நால்வர் ஏற வேண்டிய வண்டியில் பிள்ளையோடு ஐந்தாமவரை ஏற்ற மாட்டேன் என்கிறார். மஞ்சள் கோட்டில் நிறுத்தினால் சம்மன் வரும், சற்றுத் தள்ளி இறங்குங்கள் என்கிறார். அவர் சொன்னது சட்டம். நமக்கு வந்தது கோபம். கோபத்தில் "மரியாதையில்லாமல் பேசினார்" என்று எழுதிவிட்டுக் கடைக்குள் நுழைந்து அடுத்த வியாபாரத்தைப் பார்க்கிறோம். உணவுக்கடை நடத்துகிறவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. சமையற்கட்டில் இருபது நிமிஷம் தாமதம்; குழம்புப் பொட்டலம் போட மறந்தது நம் பையன். வாடிக்கையாளர் புகார் சொன்னதும், கடையின் பெயர் கெடாமலிருக்க, கொண்டுபோன மோட்டார் சைக்கிள்காரன் தலையில் அதைக் கட்டிவிடுகிறவர் இல்லையா? கோபத்தில் எழுதுவது ஒரு பிழை; தெரிந்தே பிறர் தலையில் கட்டுவது பொய்ச்சாட்சியம். பெரும் பாவங்களை எண்ணும்போது பொய்ச்சாட்சியத்தைச் சொல்ல வந்த நாயகம் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடி மறுபடி எச்சரித்தார்கள் என்பதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

ஹஸரத் அலீ (ரலி) அவர்களிடம் இருவர் வந்து, ஒரு மனிதன் திருடினான் என்று சாட்சி சொன்னார்கள். சாட்சியத்தின்படி அவனுடைய கை வெட்டப்பட்டது. சில காலத்தில் அதே இருவர் வேறொருவனைக் கூட்டிவந்து, திருடியவன் இவன்தான், முன்னே நாங்கள் தவறுதலாகச் சொல்லிவிட்டோம் என்றார்கள். அலீ (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டாமவனுக்கு எதிரான அவர்களுடைய சாட்சியத்தைத் தள்ளினார்கள். முதல்வனுடைய கைக்குரிய நஷ்டஈட்டை அவ்விருவர் தலையிலும் வைத்தார்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று எனக்குத் தெரிந்தால் உங்கள் கையையே வெட்டியிருப்பேன் என்ற கருத்தில் எச்சரித்தும் அனுப்பினார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந் நிகழ்ச்சியைத் தம் நூலில் சேர்த்திருக்கிறார்கள்.

தவறுதலாக என்று அவர்கள் சொன்னது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் வெட்டிய கை முளைக்குமா? தவறுதலாகச் சொன்ன சாட்சியத்துக்கும் விலை உண்டு. சாட்சியைத் திரும்பப் பெற்றவர்கள் அதனால் விளைந்த நஷ்டத்துக்குப் பொறுப்பாளிகள் ஆவதைப் பற்றி நம் பிக்ஹு நூல்களில் தனிப் பாடமே எழுதியிருக்கிறார்கள். ஓட்டுநருடைய கணக்கு என்பது அவருடைய வலக்கை. நம்முடைய புகாரினால் அது துண்டிக்கப்பட்டிருந்தால், பிறகு உண்மை தெரிந்தும் நாம் சும்மா இருந்தால், தஸ்பீஹு மணி உருட்டுவதால் மட்டும் அது தீராது. அது ஹக்குல் இபாது, அடியாருடைய உரிமை. கம்பெனிக்கு மறுபடி எழுதி, நான் சொன்னது தவறு, அவர் மேல் குற்றமில்லை என்று சொல்ல வேண்டும். முடிந்தால் அவருக்கு நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் மனம் வருவதில்லை, ஏனென்றால் அவர் யாரென்றே நமக்கு ஞாபகமில்லை.

மெய்யாகவே குற்றம் செய்தவனைப் பற்றிச் சொல்லாதிருங்கள் என்று நான் கூறவில்லை. மது வாடையோடு வண்டி ஓட்டினவனை, பெண்பிள்ளைகளிடம் தகாத பேச்சுப் பேசினவனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்து ஏறுகிறவருக்குத் துரோகம். கண்டதைச் சொல்லுங்கள், நினைத்ததைச் சொல்லாதீர்கள். சிறிய குறையானால் அவரிடமே நேரே சொல்லிவிடுங்கள், அத்தா வயதுடையவராக இருந்தால் மரியாதையோடு.

இன்னொன்றும் உண்டு, சிலருக்குக் கசக்கும். நம் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்குச் செயலி இல்லை, பெர்மிட் இருக்கிறது. ஊரிலிருந்து கடன்பட்டு வந்தவனுடைய பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. கல்லாவில் நூறு வெள்ளி குறைந்தால் யார் மேல் கை நீளுகிறது? பாஸ்போர்ட்டைக் கேட்டான் என்பதற்காக, சம்பள நாளைக் கேட்டான் என்பதற்காக, இரவோடிரவாக டிக்கட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்ட கதைகளை நாம் கேட்டதில்லையா? அதுவும் கணக்கை முடக்குவதுதான். கம்பெனிக்காரனுக்கு இயந்திரம் செய்கிறதை நாம் கையால் செய்கிறோம். 14-ஆம் பிரிவு ஒரு மேசை நாற்காலி உள்ள ஆபீசுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று; பரோட்டாக் கல்லின் முன் நிற்கிறவனுக்கும் அது பொருந்தும். குற்றம் இன்னதென்று எழுதிக் கொடுங்கள். அவன் பாஷையில் படித்துக் காட்டுங்கள். அவனைப் பேசவிடுங்கள். கடையில் சம்பந்தமில்லாத பெரியவர் ஒருவரை உட்காரவைத்து விசாரியுங்கள்.

கடைசியாக நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கு முடக்கப்பட்ட ஓட்டுநருக்கு முதலில் வேண்டியது பண உதவியன்று. ஒழுங்காக ஒரு முறையீடு எழுதித் தருகிற ஆள். நாள், நேரம், பயணத்தின் எண், வண்டிக் காமிராவில் பதிந்த படம், கம்பெனியிலிருந்து வந்த வாசகம் இவற்றையெல்லாம் சேர்த்து மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதினால், அதைத் தள்ளிவிடுவது கம்பெனிக்கு அவ்வளவு சுலபமன்று. தீர்ப்பாயம்வரை போக நேர்ந்தாலும் அந்தக் கடிதமே ஆதாரமாகும். இதற்கு நம் கட்டடத்தின் கீழ் அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும். வாரத்தில் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு, சட்டம் படிக்கிற நம் பிள்ளைகளில் இருவர் வந்து உட்கார்ந்தால் போதும். வருகிறவர் எந்த மதத்தவர், நம் சங்கத்துக்குச் சந்தா கட்டியவரா என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.